கரிகாலனைக் கொன்றது யார் என்று வகுப்பில் கேட்டால்

கேள்வி: நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய 'மறைக்கப்பட்ட உண்மை' காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள், "பாடப்புத்தகத்தில் இதை ஏன் மறைத்துவிட்டார்கள், டீச்சர்?" என்று கேட்கிறார்கள். யூடியூபை நம்பாதீர்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். எது சார்புடையது, எது நம்பத்தக்கது என்று எடைபோட அவர்களை எப்படிப் பழக்குவது? இதற்குத் தேர்வு வைக்க முடியுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் "அதை நம்பாதே" என்பது பதினான்கு வயதுப் பிள்ளையின் காதில் "என்னை நம்பு" என்றுதான் விழும். காணொளிக்காரரும் அதையே சொல்கிறார், உங்களைவிட நல்ல பின்னணி இசையோடு. ஆகவே யாரை நம்புவது என்ற பேச்சை விட்டுவிட்டு, "சொல்கிறவருக்கு இது எப்படித் தெரிந்தது?" என்ற ஒரே கேள்வியை மாணவர்கள் கையில் கொடுங்கள். அதற்கு அவர்கள் கொண்டுவந்திருக்கும் கரிகாலன் கொலையைவிடப் பொருத்தமான பாடம் உங்களுக்குக் கிடைக்காது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனின் தம்பி இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்ளும் அது, பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டமுடைய இரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பட்டமுடைய பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர் உடைமைகளும் பறிமுதலானதைச் சொல்கிறது. பறிமுதலான அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறக்கொடையாக வைத்ததால்தான் செய்தி கல்லில் ஏறியது. அதாவது, இது கொலை வழக்கின் தீர்ப்பு அன்று. ஒரு நிலக் கொடையின் பத்திரம். ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, காணொளியிலிருந்து மூன்று நிமிடங்களை ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். பேச்சை மட்டும் ஒரு மாணவர் எழுதிவைத்து வாசிக்கட்டும். இசை போய்விட்டால் பாதி உறுதியும் போய்விடுவதை அவர்களே கவனிப்பார்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதி, கல்வெட்டில் உள்ளது, அறிஞர் ஊகித்தது, பேசுகிறவர் சேர்த்தது என்று மூன்று வண்ணச் சாக்பீஸால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். "கல்வெட்டு ஆதாரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஊரையும் கோயிலையும் சொல்லாமல் கடந்துபோகும் இடங்களில் வகுப்பே கையைத் தூக்கும். கல்வெட்டுக்கு முகவரி உண்டு: எந்தக் கோயில், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சானது என்று சொல்ல முடியும்.

அறிஞர் ஊகத்துக்கான நடு வண்ணத்தில்தான் நீங்கள் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் ஊகம் என்றாலே பொய் என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். கொலைக்குப் பின் ஆட்சிக்கு வந்த அவன் காலம் முழுவதும் கழிந்து, 985-இல் இராஜராஜன் அரியணை ஏறிய பிறகே உடைமைப் பறிமுதல் பற்றிய செய்தி வருகிறதே என்பது ஐயத்துக்கு ஒரு காரணம். நிலம் கைமாறிய ஆண்டைக் கொண்டு குற்றவாளிகள் அதுவரை தண்டிக்கப்படவில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பது மறுப்பாளர்களின் வாதம். பாண்டியன் தலையைக் கொண்டவன் என்ற அடைமொழியைப் பிடித்துக்கொண்டு பாண்டியர் தரப்பின் பழிவாங்கல் என்பாரும் உண்டு. இவர்கள் எல்லாரும் தம் ஆதாரத்தை நாம் சரிபார்க்கும்படி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுகிறார்கள். காணொளிக்காரர் முடிவை மட்டும் வைக்கிறார்.

இதே கேள்வியைப் பழைய ஆவணங்களிடமும் கேட்கத் தவறாதீர்கள். அருண்மொழி (பின்னாளைய இராஜராஜன்) அரியணையை வேண்டாமென்று சொல்லிச் சிற்றப்பன் முறையான உத்தமனுக்கு விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அது அருண்மொழியின் மகன் இராஜேந்திரன் ஆட்சியில் வெளியிடப்பட்டது. தந்தையைப் பற்றி மகனின் அரசவை வேறு எப்படி எழுதும்? உடையார்குடிக் கல்லில் உள்ள 'துரோகி' என்ற சொல்லும் அரசின் சொல்லே. அதற்காக இவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. புகழ்மொழி எழுதியவருக்குச் சார்பு இருப்பது ஒன்று, சொன்ன செய்தி பொய்யாக இருப்பது வேறொன்று. மாணவர்கள் வழுக்கும் இடம் இதுதான் என்பது என் அனுபவம்.

நாவலையும் திரைப்படத்தையும் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் வகுப்பில் அவை வந்தே தீரும். கல்கி 1950-களில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலும் 2022, 2023-இல் வந்த படங்களும் புனைவு என்று தம்மைச் சொல்லிக்கொண்டே வந்தவை. அவற்றின்மேல் குறை இல்லை. நந்தினி கல்கியின் கற்பனை என்றும், வந்தியத்தேவன் பெயரோ குந்தவையின் கணவராகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது என்றும் சொல்லிப் பாருங்கள். அந்த வியப்பே ஒரு பாட வேளைக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கை. கொலையாளிகளின் பட்டங்களையும் சோழ மன்னர்களையும் இன்றைய சாதிகளோடு கட்டிப் பேசும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. உங்கள் வகுப்பில் அந்தச் சாதிகளின் பிள்ளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். முதல் பயிற்சிக்கு அத்தகைய காணொளியை எடுக்க வேண்டாம். பின்னர் எடுக்கும்போதும், "இதனால் யாருக்கு ஆதாயம்?" என்ற கேள்வியைக் கடைசியாகவே கேளுங்கள், முதலில் கேட்டால் ஆதாரத்தைப் பார்ப்பதற்குள் சண்டை வந்துவிடும்.

பாடப்புத்தகம் ஏன் மறைத்தது என்று கேட்ட மாணவரையே புத்தகத்தின் சோழர் பாடத்தில் ஒரு பத்தியை எடுத்து அதே மூன்று வண்ணத்தில் கோடிடச் சொல்லுங்கள். பல நூற்றாண்டுகளைச் சில பக்கங்களில் அடைக்கும்போது எவையெல்லாம் விடுபடுகின்றன என்பது அவருக்கே தெரியவரும். விட்டதற்கும் மறைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது பேசலாம்.

தேர்வு தாராளமாக வைக்கலாம். கரிகாலனைக் கொல்ல ஏவியது யார் என்றே கேளுங்கள். "தெரியாது" என்று மட்டும் எழுதியவருக்கு ஒரு மதிப்பெண் போதும். உடையார்குடிக் கல்வெட்டு எதுவரை சொல்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று காட்டிவிட்டுத் தெரியாது என்று எழுதியவருக்கு ஐந்தையும் கொடுங்கள்.