தாத்தாவின் பழைய ராணுவ ரைஃபிளுக்குப் புதுக் கட்டை போட்டு வேட்டைக்குப் போகலாமா?

பாபநாசம் பக்கம் வயலில் பன்றித் தொல்லை, வீட்டில் தாத்தாவின் லீ என்ஃபீல்டு ரைஃபிள் இருக்கிறது, அதன் மரக் கட்டை மட்டும் உளுத்துவிட்டது என்கிறீர்கள். சரி, வேட்டையை முதலில் மறந்துவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். பன்றிக்கு வனத்துறையிடம்தான் மனு கொடுக்க வேண்டும். அப்புறம், ராணுவ .303 (குழலின் அங்குல அளவு) சாதாரண உரிமத்தில் அடங்காத ரகம். இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலையில் செய்த .315 என்றால் உரிமத்தில் வைத்திருக்கலாம். எது என்று உரிமப் புத்தகத்தில் பாருங்கள்.

கட்டை மாற்றுவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையின் வேலைதான். இருந்தாலும் விஷயம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. இதில் கட்டை இரண்டு துண்டு. தோளில் வைக்கும் பின்கட்டையை உள்ளே ஓடும் ஒரு நீளமான போல்ட் பிடித்திருக்கும். லீ என்ஃபீல்டின் பழைய நம்பர் 1 ரகத்தில் அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் மரம் பிளந்துவிடும். அவசரக்கார ஆசாரிகள் இங்கேதான் கெடுப்பார்கள்.

முன்கட்டையின் பின்பக்கம் இரண்டு ஓரமும் இரும்போடு சமமாக அழுந்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொட்டால் குறி விலகும். மரம் அக்ரூட் என்றால் உத்தமம், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் வாசற்கதவு உப்பிக்கொள்வதுபோல இதுவும் உப்பும். அதனால் வெளியே மட்டுமல்ல, உட்குழிவிலும் ஆளிவிதை எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.