முதல் தடவை விட்டதை இரண்டாம் தடவை பிடிக்கலாமா?

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் உயிரியல் பிரிவில் படித்தேன். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் படிப்பின் முதல் வருடத்தை விளையாட்டாகக் கழித்துவிட்டேன். பரீட்சைப் பெறுபேறு வந்தபோது உயிரியலுக்கு சி, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. கனடாவில் இருக்கும் மச்சாள், அங்கே முதல் வருடப் புள்ளிகள் கடைசி வரை கூடவே வரும் என்கிறாள். எனக்கு டொக்டராக வேண்டும். திரும்ப எடுக்கவா, விட்டுவிடவா? அம்மா என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. – ஒரு வாசகி

பதில்: அன்பான பிள்ளை, மச்சாள் சொன்னது அவள் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் சில வருடம் படித்த பிறகுதான் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிப்பார்கள். அந்த வருடங்களின் புள்ளிகளையும் பார்ப்பார்கள். தொடக்கத்தில் சறுக்கினவர் பின்னால் வரும் வருடங்களில் அதை ஈடுகட்டியே ஆக வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு. மூன்று பாடங்களையும் ஒரே தடவையில் எழுதி எடுக்கிற இசட் புள்ளிதான் பேசும். உம்முடைய இரண்டு எஸ்ஸையும் மருத்துவபீட வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. மூன்று தடவை எழுதலாம், அதில் ஒன்றுதான் போயிருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சி, எஸ், எஸ்ஸில் இருந்து மருத்துவத்துக்குப் பாய்வது பெரிய பாய்ச்சல். மூன்று ஏ எடுத்தும் மருத்துவம் தவறின பிள்ளைகள் என்னிடமே படித்திருக்கிறார்கள். இசட் புள்ளி என்பது நீர் எடுத்த புள்ளி மட்டுமல்ல, அந்தப் பாடத்தை எழுதின எல்லோருடைய சராசரியில் இருந்து நீர் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறீர் என்பது. மூன்று பாடத்தினதையும் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். ஒரு பாடம் கீழே இழுத்தால் மற்ற இரண்டும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே உம்முடைய போட்டி பெரும்பாலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான், அவர்களும் விடியப்புறம் எழும்பிப் படிக்கிற ஆக்கள்.

என்னுடைய பதில்: எடும். ஆனால் போன தடவை படித்த மாதிரி எடுக்க வேண்டாம்.

நான் 28 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள். திரும்ப எழுத வரும் பிள்ளைகள் முதலில் செய்வது இன்னொரு ரியூசனுக்குக் காசு கட்டுவதுதான். காலமை ஒன்று, பின்னேரம் ஒன்று, இடையில் சைக்கிள் ஓட்டம். கொப்பி நிறையும், கை வலிக்கும், தானாக ஒரு கணக்குச் செய்ய நேரம் இராது. கேட்டு எழுதுவது படிப்பு மாதிரித் தெரியும், அதுதான் ஆபத்து. உமக்கு உண்மையிலேயே விளங்காத ஒரு பாடத்துக்கு மட்டும் போம். மற்ற நேரம் வீட்டில் மேசையும் மணிக்கூடும் போதும்.

ஒரு சனிக்கிழமை ஒரு பழைய வினாத்தாளை எடும். முதலாம் பகுதி 50 கேள்வி, 2 மணித்தியாலம், நடுவில் எழும்பக்கூடாது. மற்ற நாள் இரண்டாம் பகுதி: சிறு சிறு பகுதிகளாகக் கேட்கும் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், 3 மணித்தியாலம். பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனையால் நீரே திருத்தும். இரக்கம் காட்ட வேண்டாம். போன ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கொப்பியில் மூன்று பிரிவாக எழுதும்: தெரியாமல் போனது, தெரிந்தும் எழுதத் தெரியாமல் போனது, கவனமில்லாமல் போனது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்படித்தான் ஆரம்பித்தாள், அவளுக்கும் முதல் தடவை எஸ்தான். எதனோலை எதீனாக்கும் சமன்பாட்டை வடிவாக எழுதுவாள், ஆனால் அம்புக்குறியின் மேலே “செறிந்த சல்பூரிக் அமிலம், 170 பாகை” என்று எழுத மாட்டாள். பௌதிகவியலில் விடை சரி, அலகு இல்லை. கொப்பியை எண்ணிப் பார்த்தபோது அவளுக்கே திடுக்கிட்டது, போன புள்ளிகளில் அரைவாசிக்கு மேல் இரண்டாம், மூன்றாம் பிரிவில். “ரீச்சர், எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைச்சன்” என்றாள். உமக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். முதல் பிரிவு நிறைந்திருந்தால் பாடத்தை அடியில் இருந்து தொடங்க வேண்டும், அதற்கும் இப்போதே தெரிவது நல்லது.

பௌதிகவியல் அமைப்புக் கட்டுரையில் செய்முறைக் கேள்விகள் நிச்சயம் வரும். ஆய்வுகூடத்தில் உபகரணத்தைக் கையால் பிடித்துப் பார்த்தவருக்கு அவை வரப்பிரசாதம். பழைய ஆசிரியரிடம் கேட்டு ஒரு பின்னேரம் உள்ளே போய்ப் பாரும்.

இரண்டாம் தடவைப் பெறுபேறு வந்ததும் விண்ணப்பத்தில் மருத்துவம் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கின்றன. அவை ஆறுதல் பரிசு அல்ல, வார்ட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஆனால் வேறொரு துறை கிடைத்துப் பதிவு செய்ய முன்பு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அதைப் பற்றிய விதிகளைக் கட்டாயம் வாசியும். மூன்றாம் தடவை எழுத நினைத்தால் அந்தப் பதிவு குறுக்கே நிற்கக்கூடும். மூன்று பாடங்களோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையையும் மறக்க வேண்டாம், அதில் 30 புள்ளி இல்லாவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை.

அப்புறம் அம்மா. கோயில் வீதியில் நாலு பேர் “பிள்ளைக்கு என்ன ரிசல்ட்?” என்று கேட்கும்போது நின்று பதில் சொன்னவர் அவர்தான். அந்த மௌனத்தை உம்மீது வெறுப்பு என்று எடுக்க வேண்டாம். “இனி நல்லாப் படிப்பன்” என்ற வாக்குறுதியை அவர் முன்பும் கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக ஒரு மாதம் கழித்து, சிவப்புக் கோடு போட்ட அந்தக் கொப்பியை அவருடைய கையில் கொடும்.

எனக்கும் எழுதும். மூன்று பிரிவிலும் எத்தனை எத்தனை புள்ளி போனது என்று மட்டும் எழுதினால் போதும், எந்தப் பாடத்துக்கு என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.