சார்லஸ் பைர்ன் கேட்டது

அன்புள்ள ஐயா,

போன மாதம் பிள்ளைகளோடு லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ‘ஐரிஷ் ராட்சதன்’ எலும்புக்கூட்டைக் காட்டத்தான் கூட்டிப்போனேன். அதை எடுத்துவிட்டார்கள். யாரோ வருத்தப்படுகிறார்கள் என்று அறிவியல் சான்றை மறைக்கலாமா? அங்கே ஜாடிகளில் வைத்திருக்கும் உறுப்புகளும் மனித உடல்தானே?

ஒரு வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் பெயர் சார்லஸ் பைர்ன். உயரம் 7 அடி 7 அங்குலம். அயர்லாந்திலிருந்து லண்டன் வந்து, தன் உயரத்தையே காசுக்குக் காட்டிப் பிழைத்தவர். 1783-ல் இறந்தபோது வயது 22. அறுவை மருத்துவர்கள் தன் உடலுக்காகக் காத்திருப்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தன்னைக் கடலில் இறக்கிவிடச் சொல்லி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். அவர்களில் ஒருவரான ஜான் ஹன்டர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றினார். அருங்காட்சியகத்தின் பெயர் இவருடையதுதான். 500 பவுண்டு என்பார்கள். சதையை நீக்கி, எலும்புகளைக் கோத்துத் தன் சேகரிப்பில் நிறுத்தினார். சாகும்போது ஒருவர் கேட்ட கடைசி உதவியைக் காசு கொடுத்துத் தடுத்த செயல் அது. இருநூறு வருடத்துக்கு மேல் அதை நாம் வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

அறிவியலுக்கு நஷ்டம் என்கிறீர்கள். 1909-ல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து பார்த்து, உடல் வளர்ச்சியை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். 2011-ல் பல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், இந்த மிதமிஞ்சிய வளர்ச்சியோடு தொடர்புள்ள ஏஐபி என்ற மரபணுவின் மாற்றம் தெரிந்தது. அதே மாற்றம் இன்றும் வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கிறது, அவர்களைப் பரிசோதிக்க வழி கிடைத்தது. பெரிய நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இதில் எதற்குக் கண்ணாடி அலமாரி தேவைப்பட்டது? 2023-ல் அருங்காட்சியகத்தை மீண்டும் திறந்தபோது பார்வையிலிருந்துதான் எடுத்தார்கள். எலும்புகள் ஆய்வுக்கென்று இன்னும் அவர்களிடமே இருக்கின்றன. என் குறை அதுதான். பாதி வழியில் நின்றுவிட்டார்கள். அவரைக் கடலுக்கு அனுப்ப வேண்டும்.

ஜாடிகளைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பைர்ன் விஷயத்தில் அவர் வேண்டாம் என்றது நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நிறுத்தி வைப்பது வேறு.

பிள்ளைகளை இன்னொரு முறை கூட்டிப்போங்கள், நுழைவு இலவசம். எலும்புக்கூடு இருந்த இடத்தில் ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டர் ஓவியம் இருக்கும். அதன் மேல் மூலையில் தெரியும் நீண்ட கால் எலும்புகள் பைர்னுடையவை. அவர் கேட்டது என்ன என்பதை அங்கே வைத்துச் சொல்லுங்கள். அப்புறம் ஈவ்லின் பலகைகளைத் தவறவிடாதீர்கள். 1640-களில் இத்தாலியின் பதுவாவில் மனித உடலிலிருந்து ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் பிரித்தெடுத்து மரப்பலகையில் ஒட்டியவை. 1941-ல் விழுந்த குண்டில் சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தும் இவை தப்பின. உடம்புக்குள் நரம்பு எப்படிக் கிளைத்து ஓடுகிறது என்று பிள்ளைகளுக்கு அதைவிடத் தெளிவாக எந்த எலும்புக்கூடும் காட்டாது.