வயசானா அப்படித்தானா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது, கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் பார்த்தவர். ஏழெட்டு மாதமாக, சாப்பிட்டு முடித்த பிறகும் ‘இன்னும் இட்லி வைக்கலையா’ என்கிறார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் சாரம் நனைந்துவிடுகிறது. இரண்டு மாதம் முன்பு ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தார், நல்லவேளை காயம் இல்லை. தலைச்சுற்றலுக்கு ஒரு வருடமாக சின்னாரிசின் மாத்திரை போடுகிறார். அம்மா ‘வயசாச்சுல்லா, அப்படித்தான்’ என்கிறாள். யாரிடம் காட்டுவது, மனநல டாக்டரிடமா, நரம்பு டாக்டரிடமா?

பதில்: நரம்பு டாக்டரிடம், அதுவும் இந்த வாரமே. எப்போதாவது ஒரு பேர் மறந்துபோவது வயசுதான், ஆனால் சாப்பிட்டதே மறந்து, நடையும் கூடவே மாறினால் அதை வயசுக் கணக்கில் எழுதக் கூடாது.

காயம் இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்துவதே அதுதான். வயதானால் மூளை சற்றுச் சுருங்கும், அதன் மேலே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசான அடியிலேயே ஒன்று அறுந்து வாரக்கணக்கில் உள்ளே ரத்தம் கட்டலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். தலைவலி கூடுவது, வாந்தி, எழுப்ப எழுப்பத் தூங்குவது, ஒரு பக்கக் கைகால் தளர்வது, இதில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

சரி, மறதியும் நடையும் விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டனவே? கால் ஒட்டுவது, சிறுநீர் அடக்க முடியாதது, மறதி, மூன்றும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்குகிறதா என்று பார்ப்போம். கொலம்பியா டாக்டர் சலமோன் ஹக்கீம் 1965 வாக்கில் விவரித்த நோய் இது. முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நடை தேறினால், மூளையிலிருந்து வயிற்றுக்கு நீரை வடிக்க ஒரு குழாய் வைப்பது பற்றி யோசிப்பார்கள். அதில் நடைதான் நன்றாகத் தேறும், மறதி அந்த அளவுக்குத் தேறாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தச் சின்னாரிசின். மாதக்கணக்கில் போட்டால் வயதானவர்களுக்கு பார்க்கின்சன் நோய் மாதிரியே நடையை மந்தமாக்கும், நிறுத்தினாலும் தெளிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். யாரோ எப்போதோ எழுதிய பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டி நீட்டி வாங்குவது நம்மூர் வழக்கம், என்ன செய்ய! அதை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்.

போகும்போது மாத்திரை அட்டைகளை ஒன்று விடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா எழுந்து, நடந்து, திரும்புவதை வீட்டிலேயே செல்போனில் எடுத்து வையுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் மட்டும் எல்லோரும் ஜம்மென்று நடப்பார்கள். டாக்டர் அவரிடம் கேட்கிற கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள், அவர் தடுமாறுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மறதிக்கு என்று சொன்னால் ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று கோபப்படுவார், காலைக் காட்டப் போகிறோம் என்றே சொல்லுங்கள், பொய்யும் இல்லை.