சூடானால் நிற்கும் பழைய வண்டி: போர் போடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அப்பா ஓட்டிய மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. வண்டிக்கு வயது 40. ஒற்றை சிலிண்டர், 4 ஸ்ட்ரோக், 6 வோல்ட், பாயின்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் தீப்பொறியை உண்டாக்கும் பழைய முறை). காலையில் ஒரே கிக்கில் கிளம்பிவிடும். இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். ஹெட்லைட்டும் மங்கல். எஞ்சினை இறக்கிப் போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டு), பெரிய கார்ப்பரேட்டர் மாட்டி, 12 வோல்ட்டாக்கி, முன்னால் டிஸ்க் பிரேக்கும் வைத்துவிட்டால் எல்லாம் ஒரே வேலையில் முடிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? இன்னும் பல வருடம் இந்த வண்டியை வைத்திருக்க வேண்டும் என்று ஆசை.

பதில்: ஒரே வேலையாகச் செய்யாதீர்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு மாறும்போது இக்னிஷன் காயிலையும் எப்படியும் மாற்றியாக வேண்டும். நீங்கள் சொல்லும் கோளாறு பழைய காயிலில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில் மாறியதும் வண்டி நிற்காமல் ஓடும். "போர் போட்டதும் சரியாகிவிட்டது பார்த்தீர்களா" என்பார்கள். நீங்களும் நம்புவீர்கள். நன்றாக இருந்த சிலிண்டரை வீணாகக் கடைந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது ஒரு வேலை, வண்டியை மாற்றியமைப்பது வேறு வேலை. இரண்டையும் கலந்தால் எது எதனால் நடந்தது என்று பிறகு சொல்லவே முடியாது.

முதலில் கோளாறு. ஒரே கிக்கில் கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்த எஞ்சின் பெரும்பாலும் குளிர்ந்திருக்கும்போதே அடம்பிடிக்கும், நீலப் புகை விடும், ஆயிலைக் குடிக்கும். இவற்றில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. ஆறினால் கிளம்பி, சூடானால் நிற்கும் வண்டியில் நான் நான்கு இடங்களைப் பார்ப்பேன்: பெட்ரோல் வரத்து, காயில் (தீப்பொறிக்கான உயர் வோல்ட்டைத் தருவது), கன்டென்சர் (பாயின்ட்டில் பொறி பறந்து கருகாமல் காப்பது), வால்வ் இடைவெளி.

இதைப் பட்டறையில் ஆறிய வண்டியில் பார்த்துப் பயனில்லை. வண்டி வழியில் நிற்கும் அந்த நேரம்தான் சோதனைக்கு உரிய நேரம். பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், சோதித்துப் பார்த்த இன்னொரு பிளக், தடித்த கையுறை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நின்றதும் ஓரம் கட்டி, ஆறவிடாமல் உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் ஒரு நிமிடத்தில் வண்டி கிளம்பினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, வரத்து நின்றுவிடுகிறது. ஒரு மெல்லிய கம்பியால் தீர்கிற காரியம் இது.

மூடியில் சத்தம் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் காக்கில் உள்ள வலை, டேங்க் துரு, கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் ஊசி என்று அந்த வழியில் தேடுங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. உடன் கொண்டுபோன பிளக்கை பிளக் ஒயரின் தொப்பியில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து கிக் அடியுங்கள். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். எனவே சோதனைப் பிளக்கை அந்தத் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. டேங்க் மூடியையும் அதற்கு முன் மூடிவிடுங்கள். நீலமாக, 'டிக்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்ல பொறி. ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக வந்தாலோ, வராமலே போனாலோ, காயில் அல்லது கன்டென்சர். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்றின் காப்பு வயதாகிப் போனால், சூட்டில் விரியும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ஆறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். மேக்னெட்டோ வண்டியாக (பேட்டரி இல்லாமல், சுழலும் காந்தத்திலிருந்தே பொறிக்கு மின்சாரம் எடுப்பது) இருந்தால் மேக்னெட்டுக்குள் இருக்கும் இக்னிஷன் காயிலுக்கும் இதே கதைதான்.

கன்டென்சரைத் தெரிந்துகொள்ள பாயின்ட் மூடியைத் திறந்து வைத்து, ஒருவரை கிக் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாயின்ட் முனையில் பொட்டு அளவு பொறி தெரிவது இயல்பு. பளீரென்று வெளிச்சமாக அடித்தால் கன்டென்சர் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் பாயின்ட்டை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சில நாளில் மறுபடி கருகிவிடும். பாயின்ட் இடைவெளி பல வண்டிகளில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமில் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி அடிக்கும் தருணம்) பின்தங்கும். பின்தங்கிய டைமிங்கே எஞ்சினை அதிகம் சூடாக்கும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த கையோடு டைமிங்கையும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறது என்றால் வால்வ் இடைவெளி இறுகியிருக்கலாம். முழுதாக ஆறிய எஞ்சினில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டேப்பட்டை, அதாவது அந்த இடைவெளியை, சரிசெய்யுங்கள். சத்தம் வருகிறதே என்று டேப்பட்டை இறுக்கி வைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. லேசான டேப்பட் சத்தம் கேட்பதில் தவறில்லை. சத்தமே வராதபடி இறுக்கினால் வால்வ் முழுதாக மூடாமல் கருகும்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். 6 வோல்ட்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். வழியில் துருப்பிடித்த ஓர் எர்த், தேய்ந்த ஒரு சுவிட்ச், இவற்றில் மொத்தம் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 6 வோல்ட் வண்டியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். ஆறில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் இழைப் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே தடை 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டைத்தான் தின்னும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 12 வோல்ட்டாக்கினால் வெளிச்சம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். துரு அப்படியேதான் இருக்கும்.

லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரில் பேட்டரி முனைகளில் எவ்வளவு, பல்பு ஹோல்டரில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிங்கில் வேலை இருக்கிறது. பேட்டரி எர்த்தைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் முடுக்குங்கள். ஹெட்லைட் கூட்டுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயரைச் சேஸிஸுக்கு இழுங்கள். சுவிட்ச் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 12 வோல்ட்டுக்குப் போகலாம். அது நல்ல மாற்றம்தான், ஆனால் பேட்டரியும் பல்பும் மட்டும் மாறினால் போதாது. காயில், ஹாரன், ஃப்ளாஷர், ரெகுலேட்டர் எல்லாம் மாற வேண்டும். சார்ஜிங் காயிலின் அமைப்பைப் பொறுத்து அதையும் மறுபடி சுற்ற வேண்டி வரலாம். முடிந்தபின் எஞ்சினை மிதமான வேகத்தில் வைத்து அளந்தால் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பெரிய கார்ப்பரேட்டர் வேண்டாம். எஞ்சின் இழுக்கும் காற்றின் வேகம்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலைத் தூக்குகிறது. துளை பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்று மந்தமாகும், நீங்கள் தினமும் ஓட்டும் வேகத்தில் பிக்கப் குறையும். உங்கள் கார்ப்பரேட்டரின் தேய்ந்த ஸ்லைடு, ஊசி, நீடில் ஜெட் ஆகியவற்றை மாற்றினாலே புது வண்டி மாதிரி இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடுவதும், சைலன்சரைத் திறந்துவிடுவதும் இதே ரகம். காற்று கூடி, பெட்ரோல் கூடாவிட்டால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடு ஏறும். ஏற்கெனவே சூட்டில் நிற்கும் வண்டிக்கு இதைச் செய்யலாமா?

டிஸ்க் பிரேக் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பழைய ஃபோர்க் காலில் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்ட ஒரு பட்டையை வெல்டிங் வைப்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது முழு விசையும் அந்த வெல்டிங்கில் விழும், அது விட்டால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டிஸ்க் வேண்டுமென்றால் அதற்கென்றே வார்த்த ஃபோர்க், ஹப், ஆக்சில் மொத்தமும் பொருந்தும் ஒரு செட்டாக வர வேண்டும். வாகனச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு முன் இருக்கும் டிரம்முக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். டிரம்மின் உள்வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் கடைந்து, ஷூவின் வளைவை அதற்குப் பொருத்துங்கள். கேபிளைப் புதிதாகப் போடுங்கள். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில், ஹப்பில் இருக்கும் பிரேக் கைக்கும் கேபிளுக்கும் இடையில் கோணம் 90 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். அந்தக் கோணத்தில்தான் கேபிளின் இழுவை முழுதாக ஷூவுக்குப் போய்ச் சேரும். கோணம் விரிந்திருந்தால் விரல் வலிக்கப் பிடித்தாலும் வண்டி நிற்காது. பலர் குறை சொல்லும் டிரம் பிரேக் இந்த ஒரு திருத்தத்திலேயே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் மாற்றம், பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். தேய ஒன்றும் இல்லை, டைமிங் நகராது. உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் போடுங்கள். கோளாறைக் கண்டுபிடித்த பிறகு போடுங்கள். கழற்றிய பாயின்ட் தட்டை எண்ணெய் தடவி, பெயர் எழுதி, டப்பாவில் வையுங்கள். எலக்ட்ரானிக் பெட்டி ஒருநாள் திடீரென்று செத்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு அந்தத் தட்டு உதவும்.

பல வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் எஞ்சினைவிட ரப்பரை முதலில் கவனியுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் ஓட்டாதீர்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது, இன்றே கழற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் ஃப்ளோட் சீலையும் உப்பவைக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும்போது ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

போர் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: அளந்த பிறகு. சூடான எஞ்சினில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கிக் அடித்து அளவைக் குறியுங்கள். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு கணிசமாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. அளவு குறைவாக இருந்தும் ஏறாவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ இருக்கிறது, போரைத் தொட வேண்டாம். பல வண்டிகளுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில்தான் வரும். ஒவ்வொரு போரும் அதில் ஒரு படியைத் தின்றுவிடும், அதன்பின் ஸ்லீவ்தான் (சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குவது). எனவே எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்றால், சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் போர் கேஜால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்கள் கையேட்டில் உள்ள தேய்மான எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டும் போர் போடச் சம்மதியுங்கள்.