ஐஸில் வைத்த சாம்பிள்

தம்பி, விந்துப் பரிசோதனையில் உயிரணுவின் எண்ணிக்கையும் அசைவும் குறைவு என்று வந்ததாக எழுதியிருந்தீர்கள். குளச்சலிலிருந்து நாகர்கோவில் லேபுக்கு விந்துச் சாம்பிளை மீன் மாதிரி ஐஸில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனால் உயிரணு எப்படி நீந்தும்? அசைவு குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உடல் சூட்டோடு, சட்டைப்பைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கணும்; லேபிலேயே எடுத்தால் இன்னும் நல்லது.

எண்ணிக்கை மில்லிக்கு 90 லட்சம் என்பது குறைவுதான், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 1.6 கோடி. ஆனால் போன மாதம் டெங்கு வந்ததாகப் போகிறபோக்கில் சொன்னீர்களே, அதைத்தான் நான் பிடித்துக்கொள்வேன்: உயிரணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், கடுங்காய்ச்சல் அதைக் கெடுக்கும். மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவென்றால் யூராலஜிஸ்ட்டிடம் வெரிகோசீல் (விதைப்பை நரம்பு வீக்கம், அதாவது அங்குள்ள ரத்தநாளங்கள் புடைப்பது) இருக்கிறதா எனக் காட்டுங்கள். அதுவரை உயிரணுவைக் கூட்டும் என்று விற்கிற லேகியத்துக்குக் காசு கொடுக்காதீங்க.