அது வேறு விஷயம் அல்ல

கேள்வி: நான் தக்கலை அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறேன். பயிற்சி முகாம் ஒன்றில் ஏற்பட்ட ஆர்வத்தில், ‘நம் ஊர் நீர்நிலைகள்’ என்ற தலைப்பில் ஆறு வாரச் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கினேன். 42 பிள்ளைகளை ஆறு குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், மற்ற ஐந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆளுக்கொரு சிறு மாதிரி செய்துவரச் சொன்ன நாளில் 11 பேர் வெறுங்கையோடு வந்தார்கள். பெற்றோர் ஒத்துழைப்பதே இல்லை. போர்ஷன் பின்தங்கிவிட்டது என்று தலைமையாசிரியர் கடிந்துகொள்கிறார். (என் மகன் வேறொரு பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு டியூஷன் இருந்ததால், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மாதிரியை என் கணவர் நாகர்கோவிலில் ஒரு கடையில் 500 ரூபாய் கொடுத்துச் செய்து வாங்கிவந்தார். அதற்கு முதல் பரிசும் கிடைத்தது. அது வேறு விஷயம்.) இந்த முறையைத் தொடர்வதா, பழையபடி பாடம் நடத்துவதா? குழு வேலைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

— ஓர் ஆசிரியை, கல்குளம் வட்டம்

பதில்: சகோதரி, இந்தக் கடிதம் எனக்குப் புதியதல்ல. பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆனதும் எந்த ஊரிலிருந்தாவது யாராவது ஓர் ஆசிரியர் இதை எழுதுகிறார். கடிந்துகொள்ளும் தலைமையாசிரியரும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் அதில் தவறாமல் வந்துவிடுகிறார்கள். அவற்றுக்குப் பதில் உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்த அந்த நான்கு வரிகளைப் பேச வேண்டும். ‘அது வேறு விஷயம்’ என்று முடித்திருக்கிறீர்கள். அதைத் தவிர உங்கள் கடிதத்தில் வேறு விஷயமே இல்லை என்பேன்.

வெறுங்கையோடு வந்த அந்தப் பதினொரு பேரின் பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதும்போது, அவர்களில் எத்தனை பேருடைய அம்மா விடிந்ததும் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்கு, ஓடுகிறவர், எத்தனை பேருடைய அப்பா இருட்டிலேயே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர் என்று விசாரித்தீர்களா? அவர்கள் கையிலும் 500 ரூபாய் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளும் கடையில் வாங்கிய ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள், நீங்களும் ஒத்துழைக்கும் பெற்றோர் என்று மகிழ்ந்திருப்பீர்கள். ஒன்றும் செய்யாத பிள்ளை, ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒளிக்காமல் உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறது. உங்கள் மகனோ, முன்பின் தெரியாத ஒருவர் வெட்டி ஒட்டிய தெர்மகோலின் மேல் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு, கைதட்டலுக்கு நடுவே போய்ப் பரிசு வாங்கியிருக்கிறான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது சரி என்று காட்ட வேண்டியவர்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் பணம் கொடுத்தார், மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் வேலையை அவனே செய்ய விட்டு, அது கோணலாக வந்தாலும் அந்தக் கோணலோடு பள்ளிக்கு அனுப்பும் துணிவு பெற்றோரின் முதல் கடமை என்று நம்புகிறவன் நான். பரிசு வாங்கித் தருவது அந்தக் கடமையில் சேராது.

இதை நான் வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகச் சொல்லவில்லை. நீங்கள் வகுப்பில் கைக்கொண்ட முறையையே அந்த 500 ரூபாய் பொருளற்றதாக்கிவிட்டது. செயல்திட்ட முறையைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் நான்கு படிகள் வருகின்றன: நோக்கம் கொள்ளுதல், திட்டமிடுதல், செய்து முடித்தல், செய்ததைத் தானே மதிப்பிடுதல். நான்கும் பிள்ளைக்கு உரியவை என்பதுதான் அங்கே முக்கியம். உங்கள் மகனின் பாலத்தில் நோக்கம் உங்கள் கணவருடையது, திட்டமும் கைவேலையும் கடைக்காரருடையவை, மதிப்பீடு நடுவர்களுடையது. பையனுக்கு மிஞ்சியது அதைத் தூக்கிச் சுமக்கும் வேலை மட்டும். இத்தனைக்கும் கைத்தொழிலைச் சுற்றிப் பாடங்கள் அமைய வேண்டும் என்று 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடே பேசிய நாடு இது. இது அமெரிக்காவிலிருந்து நேற்று வந்த புதுமை என்று உங்கள் தலைமையாசிரியர் சொன்னால் அதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

அந்தத் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். தக்கலையிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் அசல் பாலம் நிற்கிறது. 1966இல் கட்டப்பட்டது, 28 தூண்கள், 115 அடி உயரத்தில், பரளியாற்றுக்கு மேலே, பட்டணங்கால் சானல் என்ற பாசனக் கால்வாயின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குக் கொண்டுபோய் விளவங்கோடு, கல்குளம் பகுதி வயல்களுக்குச் சேர்ப்பதற்காக எழுப்பியது. அதன் நீளம் எவ்வளவு? சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள், வேறு சில இடங்களில் 1,240 அடி என்று எழுதியிருக்கிறார்கள். 1,240 அடி என்பது நானூறு மீட்டரைக்கூட எட்டாது. இரண்டும் ஒரே பாலத்தின் நீளமாக இருக்க முடியாது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்து, “அப்பா, நாமே போய் அளப்போம்” என்று கேட்டிருந்தால் அதுதான் செயல்திட்டம். இரண்டு தூண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கீழே நாடா பிடித்து அளந்து இடைவெளிகளின் எண்ணிக்கையால் பெருக்கலாம், மேலே நடைபாதையில் பெரியவர் ஒருவரின் துணையோடு அடியெண்ணி நடக்கலாம், வெயில் சாயும் நேரத்தில் ஒரு குச்சியின் நிழலையும் தூணின் நிழலையும் ஒப்பிட்டு உயரத்தைச் சரிபார்க்கலாம். மூன்று மணி நேரமும் ஒரு நாடாவும் போதும். தெர்மகோல் தேவையில்லை.

நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த பையன், ஆழத்தை அளக்கத் தன் அப்பா வள்ளத்தில் வைத்திருக்கும் பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் பாகத்துக்கு ஒரு முடிச்சு இருந்தது. பாகம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான், வகுப்பே சிரித்தது. சரி, எல்லோரும் விரியுங்கள் என்றேன். கயிற்றைக் கைவிரிவில் பிடித்து ஒவ்வொருவராக முடிச்சுக்கு முடிச்சு வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கும் அது பொருந்தவில்லை, ஏனென்றால் அவை அவன் அப்பாவின் கைகள். அப்படியென்றால் இரண்டு வள்ளக்காரர்கள் ஆழத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது எப்படி என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். மீட்டர் என்ற ஒன்று உலகத்துக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை நான் அன்றைக்கு மேல் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கயிற்றுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. மாலையில் பையன் அதைப் பத்திரமாகச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனான், மறுநாள் விடியற்காலையில் அப்பாவுக்கு அது தேவைப்பட்டது.

இனி உங்கள் வகுப்பு. ‘நம் ஊர் நீர்நிலைகள்’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. தலைப்பு கொடுத்தால் பிள்ளைகள் படம் ஒட்டுவார்கள், வேறு என்ன செய்வார்கள்? விடை புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கொடுங்கள். உங்கள் ஊரில் அது தயாராகவே இருக்கிறது: கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்தும் கடைவரம்பு ஏலாவுக்கு, அதாவது சானலின் கோடியிலுள்ள வயல்களுக்கு, ஏன் தண்ணீர் வந்து சேரவில்லை? ஆண்டுதோறும் விவசாயிகள் இதைக் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கட்டும். பள்ளிக்கு அருகில் ஓடும் சானலில், பத்து மீட்டர் தூரத்தை அளந்து இரண்டு குச்சி நட்டு, உதிர்ந்து கிடக்கும் தென்னங்குரும்பை ஒன்றை மேல்குச்சியருகே போட்டு, அது கீழ்க்குச்சியைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். வேகம் கிடைக்கும். அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பெருக்கிக் குறுக்குப் பரப்பை எடுத்து, அதை வேகத்தால் பெருக்கினால், வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். இதையே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு முறை செய்தால், நடுவில் தொலைந்த தண்ணீரின் கணக்கு வரும். அது எங்கே தொலைந்தது என்று கரையோரமாக நடந்து பார்க்க வேண்டும்: உடைந்த மடையா, அடைத்துக்கிடக்கும் குப்பையா, யாரோ வைத்த குழாயா என்று பிள்ளைகள் எழுதட்டும். ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன், ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆழத்தை நீங்களோ, அங்கே நிற்கும் ஒரு விவசாயியோ கம்பு விட்டு அளந்து சொல்லுங்கள்.

இரண்டு பேர் வேலை செய்ய ஐந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்றீர்கள். ஒரு தெர்மகோல் அட்டையை ஏழு பேர் சேர்ந்து வெட்ட முடியாது அம்மா. வேலையில் இடமில்லாததால் நிற்கிறார்கள், அதைச் சோம்பல் என்று எழுதிவிட்டீர்கள். சானல் கரையில் எண்ணிப் பாருங்கள்: குரும்பை போட ஒருவர், கீழ்க்குச்சியில் நின்று கைதூக்க ஒருவர், கடிகாரம் பார்க்க ஒருவர், நாடாவின் இரு முனைகளுக்கு இருவர், கம்பில் நனைந்த உயரத்தைப் படிக்க ஒருவர், எழுத ஒருவர். ஏழு பேருக்கும் வேலை இருக்கிறது, ஒருவர் அசட்டையாக இருந்தாலும் கணக்கு வராது என்பதால் மற்ற ஆறு பேரே அவரை விடமாட்டார்கள்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் 60 மதிப்பெண் பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, 40 பருவம் முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். செயல்திட்டத்துக்கு அந்த நாற்பதிலேயே இடம் இருந்தது. அந்த இடத்தைக் கண்காட்சிப் பொருளுக்கு வாரிக் கொடுத்தோம் என்பதுதான் நம் தவறு. பொருளுக்கு ஒரு மதிப்பெண்கூடப் போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு, அன்றன்று அளந்ததும் தவறியதும் அன்றன்றே அதில் எழுதப்பட வேண்டும். முடிவில் ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் கூப்பிட்டு, அவர் செய்யாத, குழுவில் இன்னொருவர் செய்த வேலையை விளக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய பாலம் இந்த மூன்று நிமிடத்தைத் தாண்டாது. தலைமையாசிரியருக்குக் காட்ட, இந்த ஒரு வேலையில் பரப்பளவு, கன அளவு, வேகம், சராசரி ஆகியவை எந்தெந்த நாளில் நடந்தன என்று பாடக்குறிப்பில் எழுதி வையுங்கள். அவற்றைத் திரும்பவும் கரும்பலகையில் நடத்திக்கொண்டு, செயல்திட்டத்தையும் தனியாகச் செய்தால் போர்ஷன் பின்தங்கத்தான் செய்யும்.

ஆனால் இவற்றையெல்லாம் தொடங்குமுன் வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் உங்கள் மகனோடு அவன் பள்ளிக்குப் போங்கள். கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வரட்டும், கடைக்குப் போனவர் அவர்தானே. அந்த மாதிரியைக் கடையில் வாங்கினோம் என்று வகுப்பாசிரியரிடம் நீங்கள் இருவரும் சொல்லுங்கள், பையனைச் சொல்ல வைக்காதீர்கள். பரிசைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் பரிசு வாங்கிய பிள்ளை ஒன்று அந்தப் பள்ளியில் இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை டியூஷனுக்கு விடுமுறை சொல்லிவிட்டு, ஒரு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு மூவரும் மாத்தூருக்குப் போங்கள். நாடாவின் ஒரு முனையை அப்பா பிடிக்கட்டும். பாலத்தின் நீளம் எவ்வளவு வந்தது என்று எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள், அந்த எண் உங்கள் மகனின் கையெழுத்தில் இருக்கட்டும்.